கடைசிப் பைப்புக்கு விழுந்த கழித்தல் குறி

கடற்கரையில் பிறந்தும் கடலுக்கு ஆகாத மனிதர் மரியநேசன். முல்லைத்தீவுக் கரையில் தகப்பனும் தமையன்மாரும் வள்ளத்தில் போய் வர, இவரை ஏற்றினால் கரை கண்ணுக்கு மறைய முன்னமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். ஏற்றி ஏற்றிப் பார்த்துச் சலித்த தகப்பன், இவன் வலைக்கும் உதவான் மீன்வாடிக்கும் உதவான் என்று கைகழுவிவிட்டார். அப்படிக் கைகழுவியதால்தான் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் படித்து, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் படம் வரைகிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் கற்றுக்கொண்டது குழாய்க் கணக்கு. கேட்பதற்குச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஒரு குழாயில் ஓடும் தண்ணீரை இரட்டித்தால், வழியில் அது இழக்கும் அழுத்தம் இரட்டிக்காது, நாலு மடங்காகும். அப்படியான குழாய்கள் பல ஒன்றோடொன்று கோர்த்து வளையமாகக் கிடந்தால் ஒன்றைத் தொட மற்றதெல்லாம் அசையும். இதற்கு நேர்வழியில் விடை கிடையாது. ஒவ்வொரு குழாயிலும் இவ்வளவு ஓடும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். ஊகத்தைப் போட்டுப் பார்த்தால் ஒரு பிழை மிஞ்சும். அந்தப் பிழையைக்கொண்டு ஊகத்தைத் திருத்தி, மறுபடி போட்டு, மறுபடி திருத்த வேண்டும். பிழை தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனால் கணக்கு நின்றுவிட்டது என்பார்கள். தேயாமல் வளர்ந்தால், எங்கேயோ கோளாறு. மரியநேசனுக்கு இந்த வேலை பிடித்துப்போனதில் அதிசயம் இல்லை. கடல் எப்போது எந்தப் பக்கம் ஆடும் என்று ஆருக்கும் தெரியாது. தாளில், செய்ய வேண்டியதைச் செய்தால் ஆட்டம் குறைந்துகொண்டே வரும்.

அவருடைய கணக்குக்கு நல்ல பெயர் இருந்தது. பிழை தேயும்வரை விடை சொல்லமாட்டார். மேலதிகாரி வந்து தலைக்குமேல் நின்றாலும், "இன்னும் நிக்கேல்லை ஐயா" என்பார். நின்றபிறகு சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். பெருநாளுக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்று கேட்டாலும் தாளை எடுத்துவிடுவார் என்று மனைவி யூலிற்றா பழித்துச் சிரிப்பாள். கடலுக்குப் போகாத மாப்பிள்ளை என்று கரையில் நக்கலடித்தவர்களுக்கு, "என்ரை மனிசன் திரும்பி வருமோ வராதோ எண்டு நான் கரையிலை நிண்டு பாக்கத் தேவையில்லை" என்று பதில் சொன்னவள் அவள்தான்.

தொழிற்சாலை நின்றுபோனது. பிறகு பரந்தனிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். தொண்ணூற்றாறில் சண்டை பக்கத்துக் கிளிநொச்சிக்கு வந்தபோது, எல்லோரையும் போல அவர்களும் சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். முதலில் ஒதுங்கிய முகாமில் கடைசி வரிசையில் ஒரு கொட்டில் கிடைத்தது. அந்த வரிசையின் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. நடு வரிசைப் பைப்பில் எடுத்துச் சுமந்து வர வேண்டும். அங்கே யூலிற்றாவுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. சேலைன் வந்து சேர முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து மடுவில் தண்ணீர் அள்ளிக் குடித்திருப்பாள் என்று முகாமில் கதைத்தார்கள். மரியநேசனும் அப்படித்தான் நம்பினார்.

அவர் அழவில்லை. கட்டையாய்ப் போனார் என்று சொல்வார்களே, அதுதான். சோற்றைப் போட்டால் தின்பார். உப்பு இல்லாவிட்டாலும் தின்பார், உறைப்புக் கூடினாலும் தின்பார். மகள் யூலியானாவுக்கு முகாமிலேயே தாலி கட்டி வைத்தபோது எல்லோரும் சிரித்த இடத்தில் சிரித்தார், பாதர் சொன்ன இடத்தில் முழந்தாளிட்டார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

விசுவமடுப் பக்கத்தில் புதிய முகாம் ஒன்று போட்டபோது அவர்களும் அங்கே போனார்கள். ஒரு நிவாரண நிறுவனம் அங்கே தண்ணீர்த் திட்டம் தொடங்கியது. அதன் எஞ்சினியர் யோகலிங்கம். பேராதனையில் படித்த பொடியன். படித்த திமிர் இல்லாதவன். குழாய்க் கணக்குத் தெரிந்த ஒருவர் முகாமுக்குள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் தானே கொட்டிலுக்கு வந்து, "அண்ணை, நான் தனியச் செய்தால் பிழைச்சாலும் எனக்குத் தெரியாது. நீங்களும் செய்யுங்கோ, ரெண்டையும் ஒத்துப் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

மரியநேசன் போனதற்கு ஒரே காரணம் யூலியானா. அவளுக்கும் அவள் புருசன் நிறோஜனுக்கும் கொட்டில் கிடைத்தது காட்டோரம் கடைசி வரிசையில், மற்ற இடங்களைவிட மேட்டில். அவள் வயிற்றில் பிள்ளை. தாய் போன மாதிரி இவளும் போகக்கூடாது. இந்த உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த விருப்பம் அவ்வளவுதான்.

பொருட்தடையால் வன்னிக்குள் அந்தக் காலத்தில் பற்றரி வராது. ஆகவே அவர்களிடம் இருந்தது வெயிலில் வேலை செய்கிற கல்குலேற்றர். மழை இருட்டினால் கணக்கும் இருட்டிவிடும். படங்கு கட்டிய கொட்டிலின் வாசலில், தாள் நிழலிலும் கல்குலேற்றர் வெயிலிலுமாக இருவரும் கதிரைகளை நகர்த்தி நகர்த்தி வேலை செய்தார்கள். போகிற வருகிற சனம், இவர்கள் ஏதோ காய விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கும்.

முதல் கணக்கு நன்றாகவே நின்றது. கைநூலில் சொன்னபடி, ஒரே நேரத்தில் பாதிப் பைப்புகள்தான் திறந்திருக்கும் என்று எடுத்திருந்தார்கள். கடைசி வரிசைக்கும் தண்ணீர் போனது. யோகலிங்கத்துக்குச் சந்தோசம். மரியநேசன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இது ரவுணிலை இருக்கிற வீடுகளுக்குச் சரி. இஞ்சை ஆர் பைப்பைப் பூட்டுறது? மண்ணெண்ணெய் இருக்குமட்டும்தான் பம்ப் ஓடும். சத்தம் கேட்டவுடனை முழுச் சனமும் எல்லாத்தையும் திறந்து விட்டிடும்."

"அப்ப எல்லாம் திறந்தபடி எண்டு போடுவமோ?"

"ஓம். அப்பிடித்தான் நடக்கப்போகுது."

அங்கேதான் பிடித்தது சனியன். எல்லாப் பைப்பும் திறந்திருந்தால், எந்தப் பைப்பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது அந்த இடத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் தண்ணீரைப் பொறுத்தது, தண்ணீர் அழுத்தத்தைப் பொறுத்தது. ஊகித்து, திருத்தி, ஊகித்துப் போகையில் கடைசிப் பைப்பின் அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. கழித்தல் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் எந்தக் கல்குலேற்றர்தான் தரும்? E என்று ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது.

முதலில் இருவரும் தங்களைத்தான் சந்தேகித்தார்கள். ஒவ்வொரு சந்தியிலும் வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் சமமா என்று கூட்டினார்கள், சமம். வளையத்தில் வலம் போகிற தண்ணீருக்கும் இடம் போகிற தண்ணீருக்கும் போட்ட குறிகள் எங்காவது புரண்டிருக்கின்றனவா என்று விரல் வைத்துப் போனார்கள், புரளவில்லை. அங்குலமும் மில்லிமீற்றரும் கலந்துவிட்டதா என்று தேடினார்கள். ஒரு இடத்தில் கலந்துதான் இருந்தது. பிடித்துவிட்டோம் என்று யோகலிங்கம் தொடையில் தட்டினான். திருத்திப் போட்டும் E போகவில்லை.

பிறகு ஊகத்தை வேறு இடத்தில் தொடங்கினார்கள். பாதிப் பைப்புக் கணக்கின் விடையையே தொடக்கமாக வைத்தார்கள். அதற்கும் அதே E. பிறகு மரியநேசன் திருத்தத்தைப் பாதியாக்கினார். கணக்கு இவ்வளவு நகரு என்றால் அதில் பாதிதான் நகர்வது. கொழுப்புப் பிடித்த மாட்டைக் கயிறு குறுக்கிக் கட்டுகிற மாதிரி. அது கொஞ்சம் பலன் தந்தது. துள்ளல் அடங்கியது. ஆனால் கடைசிப் பைப்பின் அழுத்தம் தவழ்ந்து தவழ்ந்து பூச்சியத்துக்குக் கிட்ட வரும். வந்ததும் ஒரே பாய்ச்சலாய் அந்தப் பக்கம் போய்விழும். மற்றப் பைப்புகள் எல்லாம் அடங்கிக் கிடக்க, இது ஒன்றுதான் அடம்பிடித்தது.

மரியநேசன் களைக்கவில்லை, எரிச்சல்படவும் இல்லை. களைப்பதற்கும் எரிச்சல்படுவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். யோகலிங்கம்தான் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு எழும்பிப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தான். வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"அண்ணை, வர்க்கமூலம்தான் கழுத்தை அறுக்குது. பூச்சியத்துக்குக் கிட்ட அது செங்குத்தாய் நிக்குமெல்லே, அதாலைதான் பாயுது. அதைத் தூக்கிப்போட்டு மற்றப் பக்கத்தாலை எழுதுவம். தண்ணியின்ரை வர்க்கத்திலை இருந்து அழுத்தத்தை எடுப்பம். கழித்தல் வந்தால் வரட்டும், குறியையும் கூடவே கொண்டு போவம்."

நல்ல யோசனை. எழுதிப் போட்டார்கள். கணக்கு அடம்பிடித்த சுவடே இல்லாமல் வந்து நின்றது. இருவர் தாளிலும் ஒரே விடை. பிழை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. கடைசிப் பைப்புக்கு நேரே மட்டும் ஒரு கழித்தல் குறி.

"அம்புக்குறி மாறிப்போச்சுப்போலை. திருப்பிப் போடுங்கோ அண்ணை" என்றான் யோகலிங்கம்.

மண்ணுக்குள் கிடக்கிற குழாயாக இருந்தால் அவன் சொன்னது சரி. கழித்தல் வந்தால் தண்ணீர் நாம் நினைத்த பக்கம் போகாமல் மறுபக்கம் போகிறது, அவ்வளவுதான். மரியநேசன் பேனையை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"இது பைப் வாய், தம்பி. மற்றப் பக்கம் எண்டால் எந்தப் பக்கம்?"

யோகலிங்கம் தாளை இழுத்து அந்தக் கழித்தல் குறியைப் பார்த்தான்.

"தண்ணி வெளியாலை வராது. பைப் உள்ளுக்கை இழுக்கும்" என்றார் மரியநேசன். "கீழ் வரிசையள் எல்லாம் திறந்திருக்கேக்கை, மேட்டிலை நிக்கிற பைப் உறிஞ்சும். கணக்கிலை ஒரு கோளாறும் இல்லை. அது முதலிலை இருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டு நிண்டது. நாங்கள்தான் வேறை விடை கேட்டனாங்கள்."

"இழுத்தாலும் காத்தைத்தானே அண்ணை இழுக்கும்?"

மரியநேசன் பேனையை வைத்தார். யோகலிங்கம் வவுனியாக்காரன், அவனுக்குத் தெரிய நியாயமில்லை. கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் நிரப்பும்போது ரியூப்பின் நுனியை எண்ணெய்க் கானின் அடிவரைக்கும் விடுவார்கள். ஒரு சொட்டுத் தெறித்தாலும் வீடு திரும்பும் தூரத்தில் அவ்வளவு குறையும். மண்ணெண்ணெய்த் தடை வந்தபிறகு இது வேதம் மாதிரி ஆகிவிட்டது. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் தண்ணீருக்கும் அப்படியே செய்தார்கள். பைப் வாயில் சைக்கிள் ரியூப்பைக் கட்டி, மற்ற நுனியைப் பீப்பாவின் அடியில் விட்டு, பைப்பைத் திறந்தே வைப்பார்கள். என்றைக்காவது தண்ணீர் வந்தால் ஒரு சொட்டும் சிந்தாது.

முதல் முகாமின் கடைசி வரிசையில் இருந்தவர்கள் முக்கால்வாசியும் கரைச்சனம். அங்கேயும் அப்படி ரியூப் விட்டபடி ஒரு பீப்பா இருந்தது. பைப்பில் தண்ணீர் வராததால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கால் கழுவுவது அதில், பீத்துணி அலசுவது அதில். பம்ப் ஓடுகிற நேரங்களில் பீப்பாவின் தண்ணீர் குறையும். வெயில் குடிக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மரியநேசன் காதாலும் கேட்டார், கண்ணாலும் பார்த்தார்.

வெயில் குடிக்கவில்லை. பைப் குடித்தது. குடித்ததைக் குழாய் வழியே கீழே கொண்டுபோய் நடு வரிசைப் பைப்பில் விட்டது. அந்த நடு வரிசைப் பைப்பில்தான் அவர் யூலிற்றாவுக்குக் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்தார். பைப் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பி, வரிசையில் நின்று பிடித்து வந்தார். அவள் மடுவுக்குப் போகவே இல்லை.

"என்னண்ணை?" என்று யோகலிங்கம் கேட்டான்.

அவர் ரியூப்பையும் பீப்பாவையும் பற்றி மட்டும் சொன்னார். மனைவியைப் பற்றிச் சொல்லவில்லை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நெஞ்சு அடைக்கும் என்று தானே எதிர்பார்த்தார், அடைக்கவில்லை. தன்னை நினைக்கவே அவருக்கு வெறுப்பாக இருந்தது. மரத்தை வெட்டினால்கூடப் பால் வடியும்.

யோகலிங்கம் வழி தேடினான். கீழ் வரிசைப் பைப்புகளுக்குள் சின்னத் துளையோடு றப்பர்த் துண்டு வைக்கலாமா? சனம் ஆணியை எடுத்துத் துளையைப் பெருப்பித்துவிடும். தண்ணீர்த் தாங்கியை உயர்த்தலாமா? இரும்பு வராது. ரியூப் கட்டாதையுங்கோ என்று சொல்லலாமா? சொல்லலாம், கேட்கமாட்டார்கள். கடைசியில் மரியநேசன்தான் சொன்னார்.

"கடைசிப் பைப்பை வெட்டி அடைப்பம். அதிலை ஒண்டும் வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம். பிறகு அந்த வரிசைச் சனத்துக்குக் கிணறு வெட்டலாம்."

"உங்கடை மகளின்ரை வரிசையெல்லே அண்ணை?"

"ஓம்."

அடைப்பதற்கு அவரே போனார். வேறு ஆரையும் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. ஏற்கெனவே நட்டிருந்த பைப்பைக் கழற்றி, குழாயின் வாய்க்கு மூடி போட்டு இறுக்கிக்கொண்டிருக்க, அந்த வரிசைப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வன்னிக்கு வந்த குடும்பத்து ராஜினிதான் முன்னுக்கு நின்றாள்.

"எல்லாருக்கும் பைப்பு, எங்க லைனுக்கு மட்டும் மூடியா? எங்கள பாத்தா மனுசரா தெரியலயா ஐயா?"

அவர் இழுக்கிற பைப்பைப் பற்றி விளக்கினார். பாதிப் பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேர் நம்பவில்லை. பைப் தண்ணீரைக் குடிக்கும் என்றால் ஆர் நம்புவார்? சொந்த மகளுக்கே தண்ணீர் இல்லாமல் பண்ணுகிற மனிசன் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். யூலியானா மட்டும் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டில் நிழலில் குந்தினாள்.

"அப்பா, அவையளுக்குச் சொன்னது எனக்கு விளங்கிச்சு. ஆனா நீங்கள் கதைக்கேக்கை என்னைப் பாக்கேல்லை."

அவர் மூடியை இன்னொரு முறை இறுக்கினார். இறுக்க இடமில்லை. பிறகு சொன்னார்.

"அம்மா மடுத்தண்ணி குடிக்கேல்லைப் பிள்ளை. பைப் தண்ணிதான். அங்கையும் கடைசிப் பைப் உறிஞ்சினது. பீப்பாத் தண்ணியெல்லாம் நடு வரிசைக்கு வந்தது."

யூலியானா மூடி போட்ட குழாயைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அவா மடுவுக்குப் போகேல்லை எண்டு. நான்தானே கூட இருந்தனான். அண்டைக்கு முதல் குடம் நீங்கள் கொண்டந்தனீங்கள். மற்றது நான் கொண்டந்தனான். விறகு ஈரம் எண்டு கொதிக்க வைக்காமல் அப்பிடியே வாத்துக் குடுத்தனான். இவ்வளவு நாளும் அது என்ரை குடம்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். நிறோஜனுக்கும் சொல்லேல்லை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உங்களுக்குக் கணக்குத் தெரியுமெல்லே. எந்தக் குடம் எண்டு சொல்லேலுமோ?"

சொல்ல முடியாது. ஒரே பைப்பில் பிடித்த இரண்டு குடம், ஒரே மரணம். தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. எங்கே தொடங்கினாலும், எவ்வளவு சின்னதாக நகர்ந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும் என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நாளும் இதைச் சுமந்துகொண்டுதான் தனக்குச் சோறு போட்டாள், தாலி கட்ட நின்றாள், வயிற்றில் பிள்ளையையும் சுமக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவருக்கு வலித்தது.

"என்ரை குடம் பிள்ளை" என்றார்.

"வடிவாத் தெரியுமோ?"

"கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன்."

யூலியானா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கின அழுகை அது, கேட்டால் தெரியும். அவள் தகப்பனை நம்பினாள். பிழை தேயாமல் அவர் ஒரு விடையைச் சொன்னதை அவள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.